குவாக் சாரின் மூன்றாம் எண்

"மூணுல ரியூ சாரைப் போட்டா, குவாக் சார் அஞ்சுக்குப் போயிடுவாரு அக்கா," என்றாள் அலுவலகத் தொலைபேசிகளைக் கவனித்துக்கொள்ளும் ஹேரன்.

முதலாளியின் செயலாளர் போக்ஹி முத்திரையில் ஒட்டியிருந்த சிவப்பு மையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "போகட்டுமே. பதவி வரிசைப்படி நம்பர். முதலாளி உத்தரவு."

தென்கொரியாவின் தேகு நகரத்து அந்த ஜிப் கம்பெனியில் ஒரு கிழட்டு இணைப்புப் பெட்டியும் ஏழு தொலைபேசிகளும் இருந்தன. முதலாளி ஒன்று, அவர் தம்பி இரண்டு, குவாக் மேனேஜர் மூன்று. நான்கு, கொரிய மொழியில் சாவு என்ற சொல்லைப் போல ஒலிக்கும் எண். அதை யாருக்கும் கொடுப்பதில்லை. இப்போது முப்பத்தாறு வயது ரியூ, ஐம்பத்து நான்கு வயது குவாக்கைத் தாண்டிப் பதவி உயர்வு பெற்றிருந்தார்.

போன வருடம் இப்படி எண் இறங்கிய ஒருவர், தன்னைப் போகச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். அலுவலகச் செருப்பை மேஜைக்கடியில் ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, மதியமே கிளம்பிப் போனார். குவாக்கும் அந்த ரகம்தான். மாலைக் கல்லூரிக்கு ஹேரனைத் தினமும் அரை மணி முன்னதாக அனுப்புகிற ஒரே மனிதர் அவர். அவர் போனால் அவள் படிப்பும் போனது.

எனவே முதலில் ரியூவுக்கு, தற்காலிகமாக என்று சொல்லி, கிடங்கின் எட்டாம் எண்ணைக் கொடுத்துப் பார்த்தாள். அரை நாளில் ரியூ வந்து நின்றார்.

"ஏம்மா, எனக்குப் பதவி உயர்வுதானே கொடுத்தாங்க? காலையிலேருந்து மூணு பேர் கூப்பிட்டு அட்டைப்பெட்டி இருக்கான்னு கேக்குறாங்க. நாலாவது ஆளு, எலிப்பொறி வச்சாச்சான்னு கேட்டாரு."

"ரெண்டு நாள் பொறுத்துக்குங்க சார்."

"வச்சாச்சுன்னு சொல்லிட்டேன். போய் வச்சுடு."

அன்று இரவுப் பாடம் எதுவும் ஹேரன் தலையில் ஏறவில்லை. நோட்டில் கோடு போட்டு, எண்களை மேலும் கீழும் நகர்த்தினாள். யாரையும் கீழே இறக்க முடியாது. அப்படியானால் மேலே இருப்பவர்களை இன்னும் மேலே ஏற்ற வேண்டும். ரியூவுக்கு இரண்டு. தம்பிக்கு ஒன்று. முதலாளிக்குப் பூஜ்யம். குவாக் மூன்றிலேயே இருப்பார். மூன்று முறை சரிபார்த்தாள். தப்பு தெரியவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

பூஜ்யம் அதுவரை வெளியே பேசுவதற்கான எண். அதை ஒன்பதுக்கு மாற்ற வேண்டும். 'நாளை முதல் வெளியே பேச ஒன்பதை அழுத்தவும்' என்று சுற்றறிக்கை எழுதினாள். வழக்கப்படி எல்லோரும் வாசிக்காமல் கையெழுத்திட்டார்கள். குவாக் தேதிகூடப் போட்டார்.

எண்களை முதலாளியின் தொலைபேசியிலிருந்து மட்டுமே மாற்ற முடியும். அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போகும் ஒரு மணி நேரம்தான் அவகாசம். அவர் நாற்காலியில் உட்காரத் துணியாமல், மேஜை முன் மண்டியிட்டு, எண்களை ஒவ்வொன்றாக மாற்றி முடித்தாள். அன்று பிற்பகலில் யாரும் வெளியே பேசவில்லை.

மறுநாள் காலை பதினொன்றரைக்குக் கணக்காளர் நாம்கூங் வெளிறிய முகத்தோடு வந்தார்.

"நூடுல்ஸ் கடைக்குப் போட்டேன். ரெண்டு கறுப்பு நூடுல்ஸ், போன தடவை மாதிரி முள்ளங்கியில கஞ்சத்தனம் பண்ணாதேன்னு சொன்னேன். யாரு பேசுறதுன்னாங்க. ஜிப் கம்பெனிடான்னேன்."

"அப்புறம்?"

"நானும் ஜிப் கம்பெனிதான்னாரு முதலாளி."

எல்லோர் விரலும் இருபது வருடப் பழக்கத்தில் பூஜ்யத்துக்கே போய்க்கொண்டிருந்தது. ஹேரன் மேஜை மேஜையாக ஓடி ஒன்பது என்று எழுதி ஒட்டினாள். அவள் போய்ச் சேருவதற்குள் ரியூ சியோல் நகர வாடிக்கையாளரிடம் பேசி முடித்திருந்தார். "எங்க முதலாளிக் கிழவரை நான் பாத்துக்குறேன், நீங்க விலையை மட்டும் சொல்லுங்க" என்றாராம். கிழவரே விலையைச் சொன்னாராம்.

இனி எல்லாவற்றையும் பழையபடி மாற்றுவதுதான் வழி. அதற்கு முதலாளி சாப்பிடப் போக வேண்டும். பன்னிரண்டு அடித்தது. ஒன்று அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. தொலைபேசியை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்று மணிக்குக் குவாக்குக்கு முதலாளி அறையிலிருந்து அழைப்பு வந்தது. அவர் உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது. பத்து நிமிடம் கழித்து வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் தன் மேஜைக்குப் போய், செருப்பைக் கழற்றி ஜோடி சேர்த்து வைத்தார்.

ஹேரன் போக்ஹியிடம் ஓடினாள்.

"அக்கா, எல்லாம் நான் பண்ணினது. என்னை அனுப்பச் சொல்லுங்க. அவரு இங்கேருந்து போயிடக் கூடாதுன்னுதான் பூஜ்யத்தையே மாத்தினேன்."

போக்ஹி கையிலிருந்த முத்திரையைக் கீழே வைத்தாள்.

"காலையில முதலாளிக்கு வந்த முதல் போன் குவாக் சாரோடதுதான். எடுத்தது யாருன்னுகூடக் கேக்காம, 'ஒண்ணாம் தேதியிலேருந்து உங்க பட்டன் கம்பெனிக்கு வந்துடறேன், பேசின சம்பளமே போதும்'னாரு. முதலாளி 'ரொம்ப சந்தோஷம்'னு சொல்லி வச்சுட்டாரு."