கரைக்கு வந்தவர்கள் அனைவரும் நலம்

ஒரு காட்டில் தண்ணீர் இரண்டு விதமாக இருந்தது. பாறைச் சுனைத் தண்ணீர் ராஜா சிங்கத்துக்கு மட்டும். குளத்துத் தண்ணீர் மற்ற எல்லோருக்கும். சிங்கம் தின்றுவிட்டு எறியும் எலும்பும் தோலும் அந்தக் குளத்தில்தான் போய் விழும்.

குளத்துத் தண்ணீர் குடித்த மான்கள் பேதியில் சாகத் தொடங்கின. மூத்த குட்டியைப் பறிகொடுத்த பெண்மான் ஒன்று சிங்கத்திடம் போனது.

"ராஜா, தண்ணி கெட்டுப்போச்சு. நேத்துலேர்ந்து இளையவனுக்கும் பேதி. அவனைச் சுனையில குடிக்க விடுங்க."

"வாய்க்கு வந்ததைப் பேசாதே. அறிவியல்பூர்வமா விசாரிப்போம்" என்றது சிங்கம். சுனையை வைத்திருப்பவர்களுக்கு அறிவியல் மீது அவ்வளவு மரியாதை.

நோய்க்கணக்கு படித்த நரி வந்தது. எங்கே படித்தது என்று யாரும் கேட்கவில்லை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கியதே, போதாதா? அது குளக்கரையில் மேஜை போட்டு உட்கார்ந்து, தண்ணீர் குடிக்க நடந்து வந்தவர்களிடம் மட்டும் "நலமா?" என்று கேட்டது. எல்லோரும் நலம் என்றார்கள். எழ முடியாமல் புதருக்குள் கிடந்தவர்களை அது போய்ப் பார்க்கவில்லை. வெயில் அதிகம்.

அறிக்கை வந்தது. குளத்துத் தண்ணீர் குடிப்பவர்கள் நூற்றுக்கு நூறு நலம். ஒப்பிட்டுப் பார்க்கவும் ஒரு குழு வேண்டுமே! சுனைத் தண்ணீர் குடிப்பவர்களில் நூற்றுக்கு நூறு பேருக்கு மூட்டுவலி. அந்த நூறு பேரும் சிங்கம் ஒருவர்தான்.

"என் மூத்தவனைச் சேர்த்தீங்களா?" என்று மான் நரியைக் கேட்டது.

"அவன் கரைக்கு வரலையேம்மா."

"செத்தவன் எப்படிங்க வருவான்?"

"ஆய்வுக்கு ஒத்துழைக்காதவங்களை நாங்க கணக்குல எடுக்கிறதில்லை."

நரியின் முகத்தில் உதைக்கத்தான் மான் நினைத்தது. அப்போது அந்த மூட்டுவலி நினைவுக்கு வர, நேரே சிங்கத்திடம் ஓடியது.

"நான்தான் தப்பா நினைச்சுட்டேன் ராஜா. குளத்துத் தண்ணி குடிச்ச ஒருத்தருக்குக்கூட மூட்டுவலி இல்லையாம். இவ்வளவு நல்ல தண்ணி எங்களுக்கு எதுக்கு?"

"அடப்பாவிகளா! நல்லதையெல்லாம் நீங்க குடிச்சுட்டு எனக்கு மூட்டுவலித் தண்ணியா?" என்று சிங்கம் கர்ஜித்தது. அன்றே குளத்தைத் தனக்கென்று வளைத்துக்கொண்டு, மான்களைச் சுனைக்கு விரட்டியது. இளைய குட்டி பிழைத்து எழுந்து, அம்மாவை முட்டி முட்டிப் பால் குடித்தது.

அடுத்த ஆய்வுக்கு நரி மறுபடி குளக்கரையில் மேஜை போட்டது. சிங்கம் வரவில்லை. 'ஒத்துழைக்கவில்லை' என்று குறித்துக்கொண்டு, குளத்துத் தண்ணீரால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று அறிக்கை எழுதியது. அதை வாங்கிக்கொள்ளத்தான் ராஜா இல்லை.

நீதி: தப்பான ஆய்வைத் திருத்தப் போய்த் தொண்டை வறளக் கத்தாதீர்கள், ராஜாவை அதன்படி நடக்கச் சொல்லுங்கள்.