வாய் திறக்காமல் வாசித்த கிற்றார்

வாய் திறக்காத தமிழனை கொழும்பில் எவராலும் கண்டுபிடிக்க முடியாது என்று இளவயதில் நான் மனதார நம்பினேன். (நெற்றியில் திருநீறு. சட்டைப்பையில் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் என்று சொல்லும் அடையாள அட்டை. இருந்தும் நம்பினேன்.)

யுத்த காலம். வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். தன் வீட்டில் தங்குபவன் என்று அத்தான் என் பெயரைப் பொலிசில் பதிந்திருந்தார். நான் எங்காவது மாட்டினால் அடுத்து அவரைத்தான் தேடி வருவார்கள். ஆகவே அக்கா தினமும் வாசலில் நின்று ஒரே சட்டத்தை ஒப்புவிப்பார்: “பஸ்ஸுக்குள்ள தமிழ் கதைக்காத. இறங்கினாப் பிறகு தொண்டை கிழியக் கதை.”

சட்டத்துக்குச் சோதனையாக வந்தவன் கிருபா. கொட்டாஞ்சேனைக்காரன், என்னோடு வேலை செய்தவன். கனடாவிலிருந்து அவனுடைய அண்ணன் ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பர்களின் சோகப்பாட்டுக் கசெற்றுகள் அனுப்பினார். அதன்பிறகு நாங்கள் இருவரும் அமெரிக்காவில் பருத்தி பிடுங்கிக் களைத்தவர்கள் மாதிரிப் பெருமூச்சு விடத் தொடங்கினோம்.

பிரச்சினை, ப்ளூஸ் கிற்றாரில் யார் பெரியவர் என்பது. அவனுக்கு ஒரு கண் தெரியாத கிழவர். போத்தல் கழுத்தை விரலில் மாட்டிக்கொண்டு கம்பியில் வழுக்குவார். எனக்கு ஒரு பருத்த மனிதர்; ஒரே சுரத்தைப் பிடித்து அதைப் பச்சைக் குழந்தைபோல அழ வைப்பார். கிற்றார் வாசிக்க எங்கள் இருவருக்குமே தெரியாது. அதனால் தர்க்கம் தடையில்லாமல் வளர்ந்தது.

அந்தச் சனிக்கிழமை கிருபா மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு; அவனைக் கூட்டிவர நான் போயிருந்தேன். கொட்டாஞ்சேனையில் பஸ் வந்து நின்றது. மிதிபலகையில் கால் வைக்கும்போது அவன் சொன்னான்: “உன்ர ஆள் கலியாண வீட்டு பாண்டுக்குத்தான் சரி.”

இதை வெள்ளவத்தை வரைக்கும் எப்படி விழுங்கிக்கொண்டு போவது? வாய்க்குத்தானே தடை, கைக்கு இல்லையே.

முகத்தைச் சுருக்கி, இல்லாத கம்பியில் ஒரு விரலை நடுக்கிக் காட்டினேன். கிருபா கண்களை மூடி, இடக்கை நெடுக வலக்கையை வழுக்கிக் காட்டி, முதலிடம் என்று ஒரு விரலை உயர்த்தினான். நான் விடவில்லை. இடக்கையைச் சாரதியின் முதுகுக்கு நேரே நீட்டி, வலக்கைச் சுட்டுவிரலை இடுப்பருகில் சுண்டினேன்.

அப்போதுதான் எதிர் இருக்கைக்காரரைக் கண்டேன். ஒட்ட வெட்டிய தலைமயிர், மடிப்புக் குலையாத சட்டை, இமைக்காத பார்வை. (அந்தக் காலத்தில் தலைமயிரை ஒட்ட வெட்டிய ஆண்கள் எல்லோரும் எனக்கு சி.ஐ.டி.தான்.) நீட்டிய கை அவருக்குத் துவக்காகத் தெரிந்திருக்கும். கையை மெதுவாக மடக்கித் தலை வாரினேன். கிருபாவோ கண்ணை மூடியபடி இன்னும் வழுக்கிக்கொண்டிருந்தான். அவன் காலை மிதித்தேன். புதிய வாதம் என்று நினைத்துத் திருப்பி மிதித்தான்.

கொள்ளுப்பிட்டி தாண்டிச் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். அந்த மனிதர் நேரே இராணுவ வீரனிடம் போய், எங்களைச் சுட்டிக் காட்டி, காதோடு ஏதோ சொன்னார்.

பொலிஸ் நிலையத்தில் நான், பக்கத்தில் அத்தான், வெளியே சோற்றுப் பார்சலோடு அக்கா. எல்லாம் கண்ணுக்குள் தெரிந்தது. விசாரணையில் அடி விழுந்தால் கண் தெரியாத கிழவரே பெரியவர் என்று ஒப்புக்கொள்ளவும் தீர்மானித்தேன்.

வீரன் வந்தான். அட்டையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தோளில் தட்டிவிட்டு அட்டையைத் திருப்பித் தந்தான். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வெள்ளவத்தையில் இறங்கினோம். அவரும் இறங்கினார்.

“ஓடுவமா?” என்றான் கிருபா, உதடு அசையாமல்.

“ஓடினாச் சுடுவாங்கள்.”

என் மணிக்கட்டில் ஒரு கை விழுந்தது. கிருபாவின் மணிக்கட்டில் மற்றக் கை. அப்படியே வீதிக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டு நடந்தார். ஜீப் அடுத்த பக்கத்தில் நிற்கிறதாக்கும் என்று நினைத்தேன். அங்கே நின்றது அக்கா வழமையாகப் பழம் வாங்கும் முஸ்லிம் நானாவின் கடை. அந்த மனிதர் நானாவிடம் சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டு, எங்கள் கன்னத்தை ஆளுக்கொரு தரம் தடவிவிட்டுப் போனார்.

நானா என்னை மேலும் கீழும் பார்த்தார். “தம்பி, நீங்க எப்ப ஊமையானீங்க?”

நானா அக்காவிடம் சொன்னார். அக்கா ஊர் முழுக்கச் சொன்னார். இன்றைக்கும் கலியாண வீடுகளில் நான் கிற்றார்காரர்களைப் பற்றிக் கதை தொடங்கினால், என் மனைவி எழுந்து வந்து மணிக்கட்டைப் பிடித்து என்னை மண்டபத்தின் அடுத்த பக்கத்தில் கொண்டுபோய் விடுவாள்.

நடந்தது இவ்வளவுதான்: வாய் பேச முடியாத இரண்டு பையன்கள் என்று இராணுவத்திடம் சொல்லி எங்களைக் காப்பாற்றி, தன்னுடையதல்லாத பஸ் தரிப்பில் இறங்கி, காலிக்குப் போகும் பெருவீதியைக் கடக்கவைத்த அந்த மனிதர், திரும்ப வீதியைக் கடந்து போய் அடுத்த பஸ்ஸுக்காக வெயிலில் நின்றார்.