வெங்காய டீச்சரின் முறம்

ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஊர்ப்பட்ட ரகசியத்தையும் கறந்துவிடுகிற ஆள் திண்டுக்கல்லில் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் பள்ளிக்கூடத்து வெங்காய டீச்சர். போலீஸ்காரர்களெல்லாம் லத்தியை மூலையில் சாத்திவிட்டு அவரிடம் ஒரு வாரம் பாடம் படித்திருக்கலாம்.

பேருக்குத்தான் டீச்சர். பாடம் எடுக்கமாட்டார். மனசு சரியில்லாத பிள்ளைகள் போய்ப் பேசுவதற்காக நியமித்த கவுன்சிலர். சின்னாளப்பட்டிக்காரர். விளையாட்டுச் சாமான் கிடந்த அறையை ஒழித்துக் கொடுத்து, வாசலில் ‘மனநல ஆலோசனை அறை’ என்று பலகை மாட்டினோம். ஒரு வாரம் ஈ, காக்கா எட்டிப் பார்க்கவில்லை. அந்தப் பலகைக்குக் கீழே நுழைகிற பயலை மறுநாள் வகுப்பே லூசு என்று கூப்பிடுமே!

எட்டாம் நாள் அந்தம்மா பலகையைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் சாக்பீஸால் ‘வெங்காயம் உரிக்குமிடம்’ என்று எழுதினார். ஹாஸ்டல் சமையல்காரம்மா ஆரோக்கியத்திடம் ஒரு முறம் நிறையச் சின்ன வெங்காயம் வாங்கிவந்து நடுவில் வைத்தார். அவ்வளவுதான், கூட்டம் அள்ளியது.

யார் வந்தாலும் என்ன ஏது என்று கேட்கமாட்டார். “வா அப்பு, இதைச் செத்த உரி” என்பார். கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறந்துகொள்ளும். கண்ணில் தண்ணீர் வந்தாலும் கூச்சமில்லை. வெங்காயம் உரித்தால் வராதா பின்னே? மீசை முளைத்த பன்னிரண்டாம் வகுப்புப் பயல்கள் போய்த் தாராளமாக அழுதுவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கணக்குப் பாடத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

வாத்தியார்களான எங்களுக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? ஹெட்மாஸ்டர் வைத்த ஒற்று என்று நாங்கள் சந்தேகப்பட்டோம். தன்னை வேவு பார்க்க மேலிடம் அனுப்பிய ஆள் என்று ஹெட்மாஸ்டர் சந்தேகப்பட்டார். சித்தையன்கோட்டையிலிருந்து ஒரு அம்மா மஞ்சப்பையில் மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், நாலு போட்டோ சகிதம் வந்து நின்றார்.

“கவுன்சிலிங்னு சொல்லிவிட்டாகளே, எம்மவனுக்கு எந்தக் காலேஜுல எடம்?”

மகன் படிப்பது ஒன்பதாம் வகுப்பு. இது வேற கவுன்சிலிங் என்று விளக்கியதும் அந்தம்மா வாயில் அடித்துக்கொண்டார். “அப்ப எம்புள்ளைக்குப் பைத்தியம்னா சொல்றீக?”

“சேச்சே! உக்காருங்க தாயி. இம்புட்டு வெங்காயம் கெடக்கு, உரிக்க ஆளில்ல” என்றார் டீச்சர்.

ஒரு மணி நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வெளியே வந்த அந்தம்மா, என்னைப் பார்த்து, “பாவம் சார் அந்த டீச்சர் புள்ள. ஒத்தாசைக்கு ஒரு ஆளில்ல. நாளைக்கும் வாரேன்னு சொல்லிட்டேன்” என்றார்.

எங்கள் பி.டி. மாஸ்டருக்குக் கதவை நிறைக்கிற உடம்பு. “ஸ்கூலா, சமையக்கட்டா? இன்னைக்கி ரெண்டுல ஒண்ணு பாத்துடுறேன்” என்று போனார். திரும்பும்போது கண் இரண்டும் கோவைப்பழம். “காரம் சார், செம காரம்” என்றார். மறுநாளிலிருந்து கையில் பிரம்பைக் காணோம்.

எல்லாரையும் விடப் பெரிய சந்தேகப் பிராணி நான். வேதியியல் வாத்தியார். உப்பை மோந்து பார்த்தே பேர் சொல்லிவிடுவேன், எவன் சட்டைக்குள் பிட் இருக்கிறது என்று வாசலிலிருந்தே சொல்லிவிடுவேன். இந்தக் குணத்தை வீட்டிலும் காட்டியதுதான் வினை. என் மகன் ஜெரோம் அதே பள்ளியில் ப்ளஸ் ஒன். ஒருநாள் அவன் குளிக்கப் போன நேரத்தில் போனை நோண்டினேன். ‘செல்வி’ என்று ஒரு நம்பர், தினமும் மெசேஜ். உடனே போட்டேன் போனை. “யாரும்மா நீ? எம்பையனைக் கெடுக்கப் பாக்குறியா?” என்று தெருவே கேட்கக் கத்தினேன். அது அவனுடைய ட்யூஷன் வாத்தியாரின் மனைவி. இன்றைக்கு வகுப்பு உண்டா இல்லையா என்று பிள்ளைகளுக்குத் தகவல் சொல்லுகிற புண்ணியவதி.

அன்றோடு ட்யூஷன் நின்றது. மகன் என்னோடு பேசுவதும் நின்றது. சோறு வேண்டுமென்றால் அம்மாவிடம் கேட்பான். நான் கேட்டால் சுவரைப் பார்ப்பான். மூன்று மாதம். வீட்டில் ஒருத்தன் பேசாமல் இருந்தால் சத்தம் போடுகிறவனுக்குத்தான் காது வலிக்கிறது.

அவன் வாரத்துக்கு மூன்று நாள் வெங்காயம் உரிக்கப் போகிறான் என்று எனக்குத் தெரியவந்தது. என்னைப் பற்றி என்னென்ன சொல்லுகிறானோ! வேப்பமரத்தில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்கிற தோரணையில் ஜன்னலோரம் நின்று ஒட்டுக் கேட்டேன். “வேர்ப்பக்கம் கிள்ளு, தோலு தானா வரும்” என்று டீச்சர் குரல் கேட்டது. ஏதோ சங்கேத மொழி என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம் அதே குரல், “சார், வெயில்ல ஏன் நிக்கிறீக? இன்னொரு நாளு உள்ளயே வாங்க” என்றது. மானம் போயிற்று.

மறுநாள் மத்தியானம் நேராகவே போய் நின்றேன். “எம்பையன் உங்ககிட்ட என்ன சொன்னான்?”

“அவன் சொன்னதை உங்ககிட்ட சொன்னா, நீங்க சொல்றதை அவன்கிட்டப் போய்ச் சொல்லுவேன்ல சார்?”

“நான் சொல்ல ஒண்ணுமில்ல.”

“அப்ப செத்த உரிங்க.”

முறத்தை என் பக்கம் தள்ளினார். இருந்த கோபத்தில் எதைப் பிடித்தேன், எதை உரித்தேன் என்றே பார்க்கவில்லை. வெறி பிடித்த மாதிரி உரித்தேன். கவுன்சிலிங்கே ஏமாற்று வேலை என்று ஆரம்பித்தவன், எங்கெங்கோ போய், “அவன் ராத்திரி சாப்பிட்டானான்னு கூட அவங்கம்மாகிட்டக் கேட்டுத்தாங்க தெரிஞ்சுக்கிறேன்” என்று முடித்தேன். மாதாவே! ஐம்பது வயதில் மூக்கொழுக அழுதேன். டீச்சர், “டீ வாங்கிட்டு வாரேன்” என்று எழுந்து போனார்.

வாசலில் நிழல் விழுந்தது. ஜெரோம். என்னையே பார்த்தான். நான் அவசரமாக முகத்தைத் துடைத்தேன்.

“ஒண்ணுமில்லடா. வெங்காயம்.”

அவன் முறத்தைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான்.

“அப்பா, அது பூண்டுப்பா.”

மூன்று மாதத்தில் என் மகன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. குனிந்து பார்த்தேன். கொடைக்கானல் மலைப்பூண்டு. மடியெல்லாம் தோல். அவன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்து, ஒரு பூண்டை எடுத்து உடைத்தான். “உன் போனை நான் தொட்டிருக்கக் கூடாதுடா” என்றேன். “ம்” என்றான். டீ வரவே இல்லை.

மறுநாள் டீச்சரை மடக்கினேன். “என்னைக்கும் வெங்காயம், நேத்து மட்டும் எப்படிப் பூண்டு?”

“ரசத்துக்குக் கேட்டாக சார்” என்றார், முகத்தைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு.

நான் விடுவேனா? நேரே ஹாஸ்டல் சமையலறைக்குப் போனேன். “ரசமா?” என்றார் ஆரோக்கியம். “நேத்து ரசமே வைக்கலையே சார்!”

வேண்டுமென்றேதான் பூண்டு வைத்திருக்கிறார்! வாழ்நாள் முழுக்க நான் பட்ட சந்தேகங்களில் சரியாக இருந்தது அது ஒன்றுதான்.

டீச்சர் வேறு பள்ளிக்குப் போய் ஒரு வருசமாகிறது. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறிக்குப் பூண்டு உரிப்பது நானும் ஜெரோமும். ஊர்க்கதை பேசிக்கொண்டே உரிப்போம். சில நாள் டீச்சர் ஞாபகம் வந்து என் கண் கலங்கிவிடும். அப்போது ஜெரோம் ஒன்றும் கேட்காமல் எழுந்துபோய், நாலு வெங்காயத்தை எடுத்துவந்து என் முன்னால் வைப்பான்.