அக்காவின் பாட்டும் மாமாவின் க்ளோஸ்-அப்பும்

அரைகுறையாகப் படித்தவன் கையில் காமெரா கிடைத்தால் என்ன ஆகும் என்று கேட்டால், எங்கள் வீட்டில் எல்லோரும் என்னைக் கைகாட்டுவார்கள். காட்டட்டும், ஒப்புக்கொள்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் விஸ்காம் இரண்டாம் ஆண்டு (மாமாவுக்கு அது ‘சினிமாப் படிப்பு’). ஒருநாள் வகுப்பில் பேராசிரியை சொன்னார்: “காமெரா ஓர் ஆணின் கண்ணாகவே இருக்கிறது. பெண் அதன் முன்னால் வெறும் பொருளாக நிற்கிறாள்.” எனக்குப் புல்லரித்துவிட்டது. அதுவரை பார்த்த அத்தனை சினிமாப் பாட்டுகளும் கண்முன் ஓடின. உண்மைதானே! இத்தனை நாள் குருடனாக இருந்திருக்கிறேனே! மயிலாப்பூர் வரும்வரை பஸ்ஸில் வாயைப் பிளந்தபடியே வந்தேன். மந்தைவெளியில் ஏறிய ஒருவர் எனக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

அந்த வாரமே மியூசிக் வீடியோ புராஜெக்ட் வந்தது. அக்கா ராதாவுக்கும் ஒரு வீடியோ தேவைப்பட்டது. புதிய பாடகர்களைத் தேடிய ஒரு தனியார் டி.வி., பாடும் வீடியோ கேஸட்டை அனுப்பச் சொல்லியிருந்தது. அக்கா பத்து வருடம் பாட்டு கற்றவள். வீட்டில் ஜாதகம் எடுத்தாகிவிட்டது. “இது கிடைச்சா ஒரு வருஷம் பாடறேன், அப்புறம் உங்க இஷ்டம்” என்று கெஞ்சி, அப்பாவைச் சம்மதிக்க வைத்திருந்தாள். ஒரே கேஸட்டில் இரண்டு வேலையும் முடியும் என்றேன்.

மூன்று நாள் சோறு தண்ணி இல்லாமல் ஷாட் பட்டியல் எழுதினேன். விதி ஒன்றுதான். அக்காவின் முகம் வரக்கூடாது. பாதமும் கூடாது, அதுவும் பொருளாக்கல். முகம் வேண்டிய இடத்தில் ஓர் ஆணின் முகம்!

“க்ளோஸ்-அப் இருக்கோல்லியோடா?” என்றாள் அக்கா.

“நிறைய இருக்கு.” (யாருடையது என்று அவள் கேட்கவில்லை.)

காலேஜ் காமெரா ஒரே ஒரு காலைக்குக் கிடைத்தது. திருவான்மியூர் கடற்கரைக்குப் போனோம். அம்மா துணைக்குத் தன் தம்பியை, எங்கள் மாமாவை, அனுப்பியிருந்தாள். தி.நகரில் பாங்க் வேலை, சோடாபுட்டிக் கண்ணாடி, கட்டுமரத்தின் மேல் சப்பணம். என் கோட்பாட்டுக்கென்றே பிறந்த முகம்!

அக்கா பாட ஆரம்பித்தாள். தினமும் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டு எரிச்சல்பட்ட குரல்தான். ஆனால் அன்று கடலுக்கு முன்னால் அது எழும்பியபோது எனக்கு மூச்சே நின்றது. இந்தக் குரலோடா ஒரே வீட்டில் இருக்கிறேன்? வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். காமெராவை அவள் பக்கம் திருப்பவேண்டும் போலிருந்தது. கோட்பாடு விடவில்லை.

வலைக்காரர் என் தோளைத் தட்டினார். “இன்னா நைனா, பாடுறது அந்தப் பொண்ணு. நீ இந்தாளப் புடிச்சிக்கினு கீற?”

பாவம், படிக்காதவர் என்று நினைத்துக்கொண்டேன்.

சரணத்தில் மாமா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதையும் விடாமல் எடுத்தேன். காலேஜில் எடிட் செய்து, அங்கிருந்தே தபாலில் சேர்த்தேன். வீட்டில் வி.சி.ஆர். இல்லாததால் அக்கா அதைப் பார்க்கவில்லை.

மூன்றாம் வாரம் பதில் வந்தது. கட்டுமரத்தில் உட்கார்ந்து அழும் பெரியவர் பிரமாதமாம். தொடர் ஒன்றில் கதாநாயகியின் அப்பாவாக நடிக்க உடனே வரவேண்டுமாம். கடைசியில் ஒரு வரி: ‘பின்னணியில் ஒலிக்கும் பாட்டு எந்தக் கம்பெனி கேஸட்?’

அக்கா இரண்டு முறை படித்தாள். நான் கோட்பாட்டை விளக்கினேன்.

“பொண்ணைப் பொருளாப் பார்க்கப்படாதுன்னா சரிடா. பார்க்கவே படாதுன்னா சொன்னா உங்க டீச்சர்?” என்றாள்.

கேஸட் அனுப்பும் கெடு முடிந்துவிட்டதால், அந்த ஒரு வருடம் அவளுக்குக் கிடைக்கவில்லை. தை மாதம் கல்யாணம். மாமா இதுவரை ஏழெட்டு கதாநாயகிகளுக்கு அப்பாவாகிவிட்டார். அவரைத் தெருவில் அடையாளம் கண்டுகொண்டு ஜனங்கள் கும்பிடுவதை நான் இன்றும் பிரமிப்போடு பார்க்கிறேன்.

வீட்டு விசேஷங்களில் நான் செல்போனைத் தூக்கினால் போதும், அக்கா மாமாவை இழுத்து முன்னால் நிறுத்திவிட்டு ஓரமாக ஒதுங்கிக்கொள்வாள். “இப்போ எடுடா” என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தபடியே, அவளும் படத்துக்குள் வரட்டும் என்று இரண்டடி பின்னால் போவேன். அவள் இன்னும் இரண்டடி தள்ளிப் போவாள்.