கரண்டை விரட்டிய லத்தீன்

லத்தீன் பேசிய ஆட்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அவர்கள் மேல் திண்டுக்கல் கோர்ட்டிலேயே ஒரு கேஸ் போட்டிருப்பேன். செத்துப்போனவர்கள் மேல் கேஸ் போட முடியாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். (கேட்டும் பார்த்துவிட்டேன்.) எனக்கு நேர்ந்த அந்த அவமானத்துக்கு முழுப் பொறுப்பும் அவர்களுடையதுதான். எனக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு என்று ஊர் சொல்கிறது. ஊர் என்னதான் சொல்லாது?

ஐம்பதுகளின் கடைசியில் நடந்த கதை இது. எஸ்.எஸ்.எல்.சி.யில் நான் இங்கிலீஷில் மட்டும் கோட்டை விட்டேன். திரும்ப எழுதுவதற்காக அய்யா என்னைத் திண்டுக்கல்லில் ஒரு டுடோரியலில் சேர்த்துவிட்டார். (எங்கள் வீட்டில் அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம்.) தினமும் பஸ் ஏறிப் போய் வந்தேன். "பய டவுனுக்குப் போயி என்ன படிக்கிறான்?" என்று யாராவது கேட்டால், "இங்கிலீசு மட்டும் படிக்கிறான்," என்பார் அய்யா. ஃபெயில் என்ற வார்த்தையை மறைக்க அவர் சொன்ன அந்த 'மட்டும்' ஊருக்குள் வேறு மாதிரி வளர்ந்துவிட்டது. மற்ற பிள்ளைகள் எல்லாப் பாடத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்ளும்போது, இவன் இங்கிலீஷை மட்டும் தனியாக எடுத்துப் படிக்கிறான் என்றால் இவன் எப்பேர்ப்பட்ட ஆள்! நானும் மறுத்துப் பேசவில்லை.

அந்த டுடோரியல் மாஸ்டரைப் பற்றி நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. சொற்களை மனப்பாடம் செய்வது மடத்தனம் என்பது அவர் கட்சி. "வார்த்தையோட தலையை மட்டும் பாருங்கடா. இங்கிலீசுல பாதித் தலை லத்தீன்ல இருந்து வந்தது. இன் வந்தா இல்லைன்னு அர்த்தம். இம் வந்தாலும் அதேதான். கரெக்டுன்னா சரி, இன்கரெக்டுன்னா தப்பு. பாசிபிள்னா முடியும், இம்பாசிபிள்னா முடியாது. அம்புட்டுத்தான் இங்கிலீசு!" என்றார். இதே 'இன்'னும் 'இம்'மும் வேறு பல சொற்களில் 'உள்ளே', 'மேலே' என்றும் வரும் என்பதைப் பற்றி அந்த மனிதர் மூச்சுவிடவில்லை. பின்னால் போய் நான் சண்டை போட்டபோது, அது அடுத்த மாதப் பாடம் என்றார்! பாதி மருந்தைக் கொடுத்து அனுப்புகிற வைத்தியரை யாராவது சும்மா விடுவார்களா?

அது ஊர் ஊராகக் கரண்டு வந்துகொண்டிருந்த காலம். எங்கள் ஊரில் மட்டும் இன்னும் மாடு கட்டிக் கமலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தோம். கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. எங்கள் மாடுகளில் ஒன்று காலைத் தாங்கித் தாங்கி நடந்தது. வெங்காயம் வாடிக்கொண்டிருந்தது. மோட்டார் வந்தால் பிழைத்தோம், இல்லையென்றால் நிலத்தைத் தரிசாகப் போட வேண்டியதுதான் என்று அய்யா தூக்கமில்லாமல் கிடந்தார்.

இந்த நேரத்தில்தான் மின்சார இலாகாவின் பெரிய அதிகாரி ஒருவர் எங்கள் ஊருக்கு வருவதாகத் தகவல் வந்தது. வடக்கேயிருந்து வந்தவர். தமிழ் தெரியாது, இங்கிலீஷில்தான் பேசுவார். பஞ்சாயத்துத் தலைவர் என் சொந்தப் பெரியப்பா. அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நம்ம பய இருக்கான்ல. இங்கிலீசு மட்டும் படிக்கிறவன்!"

நிலக்கோட்டையிலிருந்து ஆள் உயர மாலை வந்தது. மேளம் வந்தது. கிடாய் வெட்டி உலை வைத்தாயிற்று. பெரியப்பாவின் கல்யாணக் கோட்டை எனக்கு மாட்டிவிட்டார்கள். அதற்குள் என்னைப் போல் இன்னொருவனும் தாராளமாக இருக்கலாம். அதிகாரிக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, கையில் இளநீரையும் கொடுத்த பிறகு அவர் பேச எழுந்தார். பக்கத்தில் நான்.

முதலில் எல்லாம் சுலபமாகத்தான் இருந்தது. "நன்றிங்கிறாரு," என்றேன். கைதட்டினார்கள். "வெயிலு சாஸ்தியாம்," என்றேன். அதற்கும் கைதட்டினார்கள்.

"ஐ ஆம் இம்ப்ரஸ்ட்," என்றார் அவர். தலையில் இம்! விடுவேனா? "நம்ம ஊரு அவருக்குப் பிடிக்கலையாம்," என்று உரக்கச் சொன்னேன். கைதட்டல் நின்றுவிட்டது.

"எலெக்ட்ரிசிட்டி இஸ் இன்வேல்யுபிள்," என்றார். வேல்யூ என்றால் மதிப்பு. "கரண்டுக்கெல்லாம் ஒரு மதிப்பும் கெடையாதாம்."

"ஐ ஆம் இன்க்ளைண்ட் டு இன்ஸ்டால் இட் ஹியர்," என்றார். அடுத்தடுத்து இரண்டு இன். இரண்டு இல்லை சேர்ந்தால் உண்டு என்று ஆகிவிடுமே என ஒரு கணம் எனக்கே தட்டியது. ஆனால் அது கணக்குப் பாடம். கணக்கில் நான் பாஸ், அதைக் கொண்டுவந்து இங்கிலீஷில் கலக்கக் கூடாது என்று தள்ளிவிட்டேன். "அவருக்கு மனசில்லையாம். இங்க போடவும் மாட்டாராம்!"

இவ்வளவையும் அந்த மனிதர் வாயெல்லாம் பல்லாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊருக்கு வெறி ஏறியதே அதனால்தான். "சிரிச்சுக்கிட்டே வயித்துல அடிக்கிறான் பாருய்யா," என்றது ஒரு குரல். அவர் ரோட்டுப் பக்கம் கையை நீட்டி, "தி லைன் இஸ் இம்மினெண்ட்," என்று முடித்தார்.

"லைன் கெடையவே கெடையாதாம். நம்மளை ரோட்டைப் பாத்துப் போகச் சொல்றாரு."

பெரியப்பா எழுந்தார். "அந்த மாலையக் கழட்டுங்கடா!"

போட்ட மாலையைத் திரும்பக் கழற்றுவது எங்கள் ஊரில் பங்காளிச் சண்டையில்கூட நடந்ததில்லை. அதிகாரியோ இதுவும் ஒரு உள்ளூர் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்து, கழற்ற வசதியாகத் தலையைக் குனிந்து கொடுத்தார். பொன்னாடையை உருவினார்கள். அப்போதும் கும்பிட்டார். பாதி குடித்த இளநீரைக் கையிலிருந்து பிடுங்கியபோதுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. விறுவிறுவென்று ஜீப்புக்கு நடந்தவர், ஏறுமுன் என்னைப் பார்த்து, "ஆர் தே இண்டிஃபரெண்ட்?" என்று கேட்டார்.

டிஃபரெண்ட் என்றால் வேறு வேறு. இன் வந்தால் வேறு வேறு இல்லை. அதாவது, ஊர் ஒற்றுமையாக இருக்கிறதா என்று கேட்கிறார். "எஸ் சார்! வெரி இண்டிஃபரெண்ட்!" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி. 'இவர்களுக்குக் கரண்டில் அக்கறையே இல்லையா?' என்றுதான் அவர் கேட்டார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அதற்கும் லத்தீன்காரர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஜீப் போன புழுதி அடங்கவில்லை. கம்பங்களை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வந்து எங்கள் எதிரில் நின்றது. டிரைவர் பழனிப் பக்கத்துக்காரர். "ஏனுங்க, இந்தக் கம்பத்தையெல்லாம் எங்கீங்க இறக்கறது? இன்னைக்கே வேலைய ஆரம்பிக்கச் சொல்லிட்டாருங்க பெரியவரு," என்றார்.

இம்மினெண்ட் என்றால் 'இதோ வந்துகொண்டே இருக்கிறது' என்று அர்த்தமாம். அது எனக்கு அந்த லாரியைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. மற்றதும் பின்னால்தான் தெரிந்தது: ஊர் அவருக்குப் பிடித்துப்போனதாம், கரண்டு விலைமதிப்பில்லாததாம், அதை இங்கேயே போட அவருக்கு மனசு இருந்ததாம். ஊர் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. நான் கோட்டுக்குள் முடிந்த அளவு உள்ளே போனேன்.

அதற்குள் தெரு முக்கில் போய் நின்ற ஜீப்பிலிருந்து பியூன் இறங்கி ஓடிவந்தார். "இங்க வேணாமாம்ப்பா! அடுத்த ஊருக்குத் திருப்பு!" லாரி திரும்பியது. கழற்றிய மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஐயா! ஐயா!" என்று பெரியப்பா அதன் பின்னால் ஓடியதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. பக்கத்து ஊரில் அந்த மாதமே லைட் எரிந்தது. திறப்பு விழாவுக்கு என்னைச் சிறப்பு விருந்தாளியாக அழைத்தார்கள். என்ன திமிர் பாருங்கள்!

அய்யா என்னை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. "கோட்டக் கழட்டிட்டு வா. மாட்டப் பிடி," என்றார். அவ்வளவுதான். வெங்காயத்தில் பாதிக்குமேல் காய்ந்து போனது. அந்த நொண்டி மாட்டுக்குப் பின்னால் அவர் வெயிலில் முன்னும் பின்னும் நடந்ததைப் பார்த்தபோதெல்லாம், நாலு அறை விட்டிருக்கக் கூடாதா என்று எனக்கு அழுகையே வந்தது.

பெரியப்பா ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, அதிகாரியும் மாற்றலாகிப் போய், எங்கள் ஊருக்குக் கரண்டு வரச் சில வருஷங்கள் ஆயின. எங்கள் கிணற்று மேட்டில் ஊரே கூடி நின்றது. ஸ்விட்சில் கையை வைத்த அய்யா, போடாமல் என் பக்கம் திரும்பினார்.

"அப்பு, செத்த நேரம் வாய மூடிக்க."

நான் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். பெரியப்பா கிட்டே வந்து, சரியாகப் பொத்தியிருக்கிறேனா என்று பார்த்துத் தலையாட்டினார். அய்யா ஸ்விட்சைப் போட்டார். தண்ணீர் கொட்டியது.

அன்று பிடித்த வழக்கம் இன்றுவரை போகவில்லை. அய்யாவுக்குப் பிறகு என் மகன், இப்போது பேரன். யார் மோட்டார் போட்டாலும், "தாத்தா வாய மூடியாச்சா?" என்று கேட்காமல் ஸ்விட்சில் கை வைப்பதில்லை. மாஸ்டர் கொடுத்த விதிப்படி நான் சொன்ன அர்த்தத்தில் ஒரு பிழையும் கிடையாது என்று இவர்களிடம் வாதாட எனக்கு வேண்டிய மட்டும் விஷயம் இருக்கிறது. அதற்கு வாயைத் திறக்க வேண்டும். மோட்டார் ஓடுகிறது, வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்கிறது. மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.