பதினோரு அடுக்கு ஜாக்கெட்

சின்ன விமானம் ஓட்டுகிறவன் குளிரில் விறைத்துச் சாகக் கூடாது என்று அரசாங்கம் தீர்மானித்தது. அதுவரை அந்த விஷயத்தில் அரசாங்கத்துக்கென்று தனியாக ஒரு கருத்தும் இருந்ததில்லை.

உடனே தலைநகரில் பதினோரு பேர் கொண்ட உயர்மட்டக் குழு கூடியது. அலாஸ்காவில் யூகான் ஆற்றோரம் தபால் விமானம் ஓட்டும் நாங்கள் மொத்தமே ஒன்பது பேர். ஒன்பது என்பது ஆய்வுக்குப் போதாது என்று புள்ளிவிவரப் பிரிவு ஆட்சேபித்தது. சரி, விமானி ஜாக்கெட்டை அதிகம் போடுகிறவர்கள் யார் என்று பார்த்தார்கள். தலைநகரின் காபிக் கடைகளில் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு வாலிபர்கள் அகப்பட்டார்கள். அவர்களில் ஒருவனும் விமானம் ஓட்டியதில்லை. ஆகவே பாரபட்சம் இருக்காது என்று அவர்களையே கேட்டார்கள்.

பத்தொன்பது பைகள் வேண்டும், கண்ணாடியில் தோள் அகலமாகத் தெரிய வேண்டும் என்றார்கள் வாலிபர்கள். குளிரைத் தடுக்க உறுப்பினர்கள் ஆளுக்கு ஓர் அடுக்கு சிபாரிசு செய்தார்கள். யார் மனமும் புண்படக் கூடாதென்று பதினோரு அடுக்கையும் சேர்த்தே தைத்தார்கள்.

எனக்கான ஜாக்கெட்டை என் விமானத்திலேயே ஏற்றிவந்தேன். அதற்கு இடம் விட்டு, தபால் பைகளைப் பாதி வழியில் இறக்க வேண்டியிருந்தது. கூடவே ஓர் ஆணை: நவம்பர் முதல் தேதியிலிருந்து இதை அணியாமல் பறப்பவரின் உரிமம் ரத்து.

போட்டுப் பார்த்தேன். முழங்கை மடங்கவில்லை. தலைநகருக்குப் போன் போட்டேன். எடுத்தவர் குழுவின் செயலாளர் பிரெஸ்டன் ஹாட்லி.

"சார், கைப்பிடியை வயிறு வரைக்கும் இழுத்தாத்தான் விமானம் ஒழுங்கா இறங்கும். இதைப் போட்டா இழுக்க வரல."

"ஏற முடியுதா?"

"தட்டுத் தடுமாறி ஏறும்."

"அப்போ பாதி பாஸ். குளிருதா?"

"வேர்த்துக் கொட்டுது சார்."

"மீதியும் பாஸ். நானே நேர்ல வந்து பார்க்கிறேன்."

விமானம் ஓட்டுவதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. உரிமம் போனால், மீன் பிடிக்கக்கூட என் மைத்துனன் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டான்.

ஹாட்லி வந்து இறங்கிய அன்று குளிர் பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரி. அவரை இறக்கிவிட்ட விமானம் நிற்காமல் திரும்பிப் போய்விட்டது. அவர் போட்டிருந்தது இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடும் தோல் ஜாக்கெட், காபிக் கடை ரகம். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனாலும் கம்பீரம் குறையவில்லை.

"அங்கீகரிக்கப்பட்ட ஜாக்கெட் எங்கே?"

நான் விமானத்தைக் காட்டினேன். எங்கள் ஊரில் மனுஷனுக்கு முன்னால் என்ஜினுக்குத்தான் போர்வை. அது உறைந்தால் ஊரே உட்கார்ந்துவிடும். அந்த வாரம் என்ஜின் போர்வையை நாய்கள் கிழித்திருந்தன. ஓடுதளத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆக்னஸ் அக்கா, ஜாக்கெட்டை விமானத்தின் மூக்கில் மாட்டி, பொத்தான் போட்டு, கைகளைக் கீழே முடிச்சிட்டிருந்தாள்.

"அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு பாருங்க சார்," என்றாள் பெருமையாக.

"இது விதிமீறல்! இவரோட உரிமம் ரத்து!"

"தாராளமா பண்ணுங்க. அப்புறம் உங்களை யாரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது? அடுத்த விமானம் வியாழக்கிழமை. அதுவும் இவன்தான் ஓட்டணும்."

ஹாட்லி யோசித்தார். பற்கள் தடதடத்ததால் சத்தமாகவே யோசித்தார். பிறகு விதியில் நெகிழ்வுக்கு இடமுண்டு என்று கண்டுபிடித்து, அந்த ஜாக்கெட்டைத் தானே போட்டுக்கொண்டு விமானத்தில் ஏறப் பார்த்தார். கதவில் சிக்கிக்கொண்டார். நானும் அக்காவும் தள்ளினோம். பிறகு இழுத்தோம். அவர் வெளியே வந்தார், ஜாக்கெட் உள்ளேயே நின்றுவிட்டது. அதை உருவி எடுக்க இன்னும் அரை மணி ஆனது.

கடைசியில் என் பழைய அங்கியைக் கழற்றிக் கொடுத்தேன். முழங்கால் வரை நீளம், மூன்று இடத்தில் ஒட்டு, குல்லாவைச் சுற்றி ஓநாய் ரோமம், புகைபோட்ட மீன் வாடை. ஜாக்கெட் போர்த்தியிருந்த என்ஜின் முதல் சுற்றிலேயே கிளம்பியது. நான் அக்காவின் பூப்போட்ட ரஜாயைச் சுற்றிக்கொண்டு ஓட்டினேன்.

வழியில் ஹாட்லி குறட்டை விட்டார். இறங்கியதும் உரிமத்தில் கையெழுத்துப் போட்டார். "இது தடைசெய்யப்பட்ட உடை. ஆதாரமா எடுத்துட்டுப் போறேன்," என்று என் அங்கியோடு நடந்தார்.

அறிக்கை பிரமாதமாக வந்தது. ஜாக்கெட் அணிந்த தரப்பு முதல் சுற்றிலேயே கிளம்பியதாம். பயணம் முழுக்க அதிகாரி குளிரையே உணரவில்லையாம். குழுவுக்கு ஆளுக்கொரு பதக்கம்.

வசந்தத்தில், போன அங்கிக்குப் பதில் ஒன்று வாங்கத் தலைநகர் போனேன். காபிக் கடை வாலிபர்கள் அத்தனை பேரும் முழங்கால் நீள அங்கியில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று இடத்தில் ஒட்டு. ஓநாய் ரோமம். மீன் வாடையைப் புட்டியில் தனியாக விற்றார்கள்.

கடைக்காரன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "இதெல்லாம் நிஜ விமானிங்க போடுறது அண்ணே. உங்களுக்கு எடுபடாது. பழைய சரக்குல ஒண்ணு கிடக்கு, பாக்குறீங்களா?"

இடுப்புக்கு மேலேயே முடியும் தோல் ஜாக்கெட். குளிருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. சும்மா போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றேன்.

தோள் என்னமோ அகலமாகத்தான் தெரிந்தது. வாங்கிவிட்டேன்.