தொழில்சார் வாடை ஒழிந்த கோப்பு

ஹேவொல் துறைமுகத்தில் மீன் விற்கும் பெண்ணிடமிருந்து எந்த வாடை வந்தாலும் அது மீன் வாடையே என்று கருதப்பட வேண்டும். இதை யார் முடிவு செய்தார்கள், எந்த ஆண்டில் செய்தார்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. ஆனால் சுகாதார மையத்துக் கணினியில் இருக்கிறது. கணினியில் இருந்தால் சட்டம்தானே?

பில்யேவுக்கு இந்தச் சட்டம் தெரியாமல் போனது அவள் குற்றம். இருபத்திரண்டு வருஷமாய் அங்கே கானாங்கெளுத்தியும் சாவாளையும் விற்கிறாள். பத்தடி தள்ளி நின்றே இன்றைய மீனா நேற்றைய மீனா என்று மூக்கால் சொல்லி, ஏலக்காரன் வாயடைத்துப் போகும்வரை விலையைக் கீழே இறக்குகிறவள்.

அந்த மூக்குதான் முதலில் கண்டுபிடித்தது. சந்தை விடுமுறை நாளில், பொதுக் குளியல் கூடத்தில் ஒரு மணி நேரம் தோல் சிவக்கத் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த பிறகும் ஒரு வாடை. கூடவே சாம்பல் வெள்ளையில், தண்ணீர் மாதிரி ஒரு கசிவு. வலியில்லை, அரிப்பில்லை. புருஷனோடு சேர்ந்த மறுநாள் வாடை இன்னும் தூக்கியது.

"எனக்குத் தெரியாத மீன் இந்தக் கடல்ல கிடையாது. இது மீன் இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

புருஷன் தல்சூ கணவாய் மீன் பிடிக்கும் படகுக்காரன். அவன் கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாளும் பில்யே தன் படுக்கையைச் சுவரோரமாய் இழுத்துப் போட்டுப் படுத்தாள். தான் என்ன தப்பு செய்தோம் என்று புரியாத மனுஷன் மூன்று நாளும் பாத்திரம் கழுவிவிட்டுக் கடலுக்குப் போனான். இன்னும் இருபது நாளில் திரும்புவான். அதற்குள் இதைச் சரி செய்தாக வேண்டும்.

பக்கத்துக் கடையில் ஆக்டோபஸ் விற்கும் சுன்தோக், தொலைக்காட்சியில் விற்பதை எல்லாம் வாங்குகிறவள். அவளிடம் ஒரு குப்பி இருந்தது.

"செர்ரிப்பூ வாசனை, அக்கா. உள்ளே பீச்சி அடிச்சுக் கழுவணும். சியோல்ல நாகரிகமான பொம்பளைங்க எல்லாரும் இதைத்தான் செய்றாங்க."

"அவங்களுக்கும் வாடையா?"

"இனிமே வந்துடக் கூடாதுன்னுதான்!"

ஒரு வாரம், தினம் இரண்டு வேளை பில்யே கழுவினாள். வாரக் கடைசியில் செர்ரிப்பூத் தோட்டத்தில் ஒரு மீன் செத்துக் கிடந்தது.

சந்தைக்கு எதிரே மாடியில் பெண்கள் மருத்துவமனை இருக்கிறது. ஆனால் அந்தப் படியில் ஏறுகிறவளைச் சந்தையே கண்ணால் அளக்கும். பிள்ளைப்பேறு இல்லையென்றால் வேறெதற்கு என்று பொழுது சாய்வதற்குள் மூன்று கதை பிறந்துவிடும். அப்படிப் பிறந்த கதைகளில் பாதி பில்யேவே பெற்றெடுத்தவை. ஆகவே அவள் அரசாங்கத்தை நம்பிச் சுகாதார மையத்துக்குப் போனாள்.

அங்கே மேங் என்ற எழுத்தர் இருந்தார்.

"தொழில்?"

"மீன் விக்கிறேன்."

"குறை?"

"வாடை."

கணினி டிங் என்றது. மேங் முகம் மலர்ந்தது. "சுலபமா முடிஞ்சுதும்மா. தொழில்சார் வாடை. சந்தைச் சுகாதாரப் பிரிவுக்கு அனுப்பிட்டேன்."

"யோவ், மீன்கிட்டேருந்து வரல. என்கிட்டேருந்து வருது!"

"நீங்க மீன்காரிதானே?"

"சரி, பூக்காரின்னு போட்டுக்க."

"பூக்காரிக்கு வாடை வராது. கணினி ஏத்துக்காதும்மா."

பில்யே குரலைத் தாழ்த்தினாள். அவள் குரல் தாழ்ந்தது வாழ்க்கையில் இது இரண்டாம் முறை. "கசிவும் இருக்கு."

"குழாயா, கூரையா?"

"எனக்குய்யா! பொம்பளைங்களுக்குன்னு பிரிவு எதுவும் கிடையாதா?"

மேங் காது வரை சிவந்து மேஜையைப் பார்த்தபடி கேட்டார். "இருக்கு. கர்ப்பமா இருக்கீங்களா?"

"இல்ல."

"ஆகிறதா உத்தேசம்?"

"எனக்கு நாப்பத்தேழு வயசு!"

"அப்போ நீங்க பெண்கள் பிரிவில வரமாட்டீங்க. சந்தைப் பிரிவுதான்."

மறுநாள் ஆய்வாளர் சொக் வாடைமானியோடு கடைக்கு வந்தார். கருவியைக் கானாங்கெளுத்தி மேல் நீட்டினார். கருவி அலறியது.

"வாடை உறுதி செய்யப்பட்டது" என்று எழுதினார்.

"மீன் மேல நீட்டினா மீன் வாடைதான் வரும்! என் மீன் நாறுதுன்னு எழுதினே, இந்தச் சாவாளையாலயே அடிப்பேன்!"

"வாடைக்குக் காரணம் மீன் இல்லேன்னு நிரூபிக்கணும்னா ஏழு நாள் மீன் இல்லாம கடை திறக்கணும்மா. ஆனா மீன் இல்லாத மீன்கடைக்கு உரிமம் ரத்தாகும்."

பில்யே இடுப்பில் கை வைத்தாள். பேரம் என்றால் அவளுக்கு ரத்தம் சூடாகும். ஏழு நாளை ஐந்தாக்கினாள், ஐந்தை மூன்றாக்கினாள், கடைசியில் ஒற்றை நாளுக்கு, அதுவும் சந்தை விடுமுறையான செவ்வாய்க்கிழமைக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். ஜெயித்த சந்தோஷம் அவளுக்கு.

செவ்வாய்க்கிழமை சொக் வந்து, கழுவித் துடைத்த வெறுங்கடையை அளந்தார். கருவி பூஜ்யம் காட்டியது. "பாத்தியா! மீன் இல்ல, ஆனா எனக்கு இன்னும் இருக்கு" என்றாள் பில்யே. சொக் அதற்குள் எழுதி முடித்திருந்தார்: "மனுதாரரின் வாடை முற்றிலும் ஒழிந்தது. கோப்பு மூடப்பட்டது." வாடையற்ற முன்மாதிரிக் கடை என்று ஒரு பாராட்டுப் பத்திரமும் தந்து, கை குலுக்கிப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

பாராட்டுப் பத்திரத்தைக் கசக்கி எறிந்துவிட்டு, முகமூடி, தொப்பி, கறுப்புக் கண்ணாடி மூன்றையும் மாட்டிக்கொண்டு, மறுநாள் காலை மருத்துவமனை திறந்த உடனேயே பில்யே படியேறினாள்.

டாக்டரம்மா பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் எடுத்தார், ஒரு தாளில் தொட்டுப் பார்த்தார், நுண்ணோக்கியில் கண் வைத்தார். கிம்ச்சி ஊறுகாய் வாங்கும் நேரம்கூட ஆகவில்லை.

"பிறப்புறுப்புக்குள்ள நல்ல கிருமிகள் காவல் இருக்கும்மா. அது குறைஞ்சு மத்த கிருமி பெருகிடுச்சு. நிறையப் பேருக்கு வர்றதுதான். அழுக்கா இருக்கிறதால வர்றதில்ல. உள்ளே ஏதாவது ஊத்திக் கழுவினீங்களா?"

"செர்ரிப்பூ."

"காவல்காரனையே கழுவி வெளியே விட்டிருக்கீங்க. வெளிப்பக்கம் மட்டும் வெறும் தண்ணியில கழுவினாப் போதும். இந்த மாத்திரை ஏழு நாள். ரெண்டாம் நாளே வாடை போயிடும், அதுக்காக நிறுத்திடாதீங்க. முடியிற வரைக்கும் சோஜு சாராயம் தொடக்கூடாது. திரும்ப வந்தாலும் வரும், வந்தா வெக்கப்படாம வாங்க."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

மூன்று வாரமாய் மண்டையில் இருந்த பாரம் இறங்கியது. வெளியே வந்தாள். காத்திருக்கும் அறையில் இப்போது முகமூடியும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாய் பதினோரு பெண்கள். முகமூடி போட்டால் என்ன, ரப்பர் காலணியைப் பார்த்தால் எந்தக் கடை என்று தெரியாதா? மூலையில் சுன்தோக். அவளுக்குப் பக்கத்தில் மேங்கின் மனைவி.

"அக்கா நீங்களா?" என்றாள் சுன்தோக். "எனக்குச் சும்மா... சளி."

"எனக்கும் சளிதான்" என்றாள் மேங்கின் மனைவி. மற்ற ஒன்பது பேரும் இருமினார்கள்.

சுகாதார மையமே அதிரக் கத்தியவள் பில்யே. இப்போது வாயைத் திறந்தாள். பதினோரு கறுப்புக் கண்ணாடிகளும் அவளையே பார்த்தன.

"எனக்கும் சளிதான்டி" என்றாள். "கேட்டுக்கங்க. இந்தச் சளிக்குப் பூத்தண்ணி ஊத்தவே கூடாது. ஒவ்வொருத்தியும் உள்ளே போய்க் காட்டணும். ஒருத்தி மாத்திரையை இன்னொருத்தி முழுங்கக் கூடாது."

எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

தல்சூ திரும்பி வந்தபோது படுக்கைகள் இரண்டும் ஒட்டிக் கிடந்தன. ஏதோ மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று அவன் நிம்மதியாய்த் தூங்கினான்.

அடுத்த வாரம் மேங் சந்தைக்குள் கணக்கெடுக்க வந்தார். கடை கடையாய் நின்று, பெண்கள் மருத்துவமனைக்கு எதற்காகப் போனீர்கள் என்று கேட்டார். சந்தையில் பதினோரு பேரும், வீட்டில் அவர் மனைவியும் ஒரே பதில் சொன்னார்கள்: சளி. அன்றைக்கே அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்: மீன் சந்தைப் பெண்களிடையே கடும் சளிப் பரவல். அரசு உடனடி நடவடிக்கை. ஆளுக்குப் பத்து முகமூடி இலவசம், கூடவே சுகாதாரத்தை மேம்படுத்த ஒரு குப்பி செர்ரிப்பூத் தண்ணீர்.

வரிசையில் முதலாவதாய் நின்று, பெற்றுக்கொண்டேன், மிக்க நன்றி என்று கையெழுத்துப் போட்டவள் பில்யே.